சென்னையிலிருந்து இராமேஸ்வரத்துக்குச் சைக்கிளில்: முதல் குழுப் பயணத்துக்கான முழுமையான வழிகாட்டி

நெடுந்தூரக் குழுப் பயணம் பாதியில் முறிவதற்கு டயரோ செயினோ காரணமாவது குறைவு. வேகமாக மிதிப்பவர்கள் முன்னே போய்விடுவார்கள். மெதுவாக வருபவர் நடு வெயிலில், பிரியும் சாலை ஒன்றில், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருப்பார். இரண்டு நாள் பொறுத்துக்கொள்வார், மூன்றாம் நாள் பஸ் ஏறிவிடுவார். அதன்பிறகு மற்றவர்களுக்கும் மனம் இருக்காது. ஆகவே தூரம், நேரம், சுமை, ஓய்வு என்று எதைத் தீர்மானித்தாலும் குழுவின் கடைசி ஆளை வைத்துத் தீர்மானியுங்கள். இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

எடுத்துக்காட்டாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையை எடுத்துக்கொள்கிறேன். சென்னையிலிருந்து இராமேஸ்வரம் வரை ஏறத்தாழ 580 முதல் 600 கிலோமீட்டர். முதல் பயணத்துக்கு இதைவிட நல்ல பாதை தமிழ்நாட்டில் இல்லை என்பது என் கருத்து. மேடே இல்லை என்று சொல்லிவிடலாம், பாலங்களின் ஏற்றம்தான் மிச்சம். வழி நெடுகப் பஸ் ஓடுகிறது. முடியாதவர் கௌரவமாக விலகிக்கொள்ள வழி இருக்கும் பாதையில்தான் புதியவர்களை அழைத்துப்போக வேண்டும். மலைப்பாதையை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1. காலத்தையும் திசையையும் முடிவு செய்யுங்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடலூர், நாகப்பட்டினம் பகுதிகளில் புயல் அச்சமும் உண்டு. மார்ச் மாதத்துக்குப் பிறகு வெயில். எஞ்சுவது ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும். அப்போது காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசும். தெற்கே போகிறவர்களுக்கு அது முதுகைத் தள்ளும், வடக்கே வருகிறவர்களுக்கு நெஞ்சில் அறையும். அதனால் சென்னையில் தொடங்கி இராமேஸ்வரத்தில் முடியுங்கள், திரும்புவதற்கு ரயில் இருக்கிறது. ஒரே ஒரு விதிவிலக்கு கடைசி நாள். இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரத்துக்குச் சாலை கிழக்கே திரும்புவதால் அந்த 55 கிலோமீட்டரும் காற்று பக்கவாட்டிலோ எதிரிலோதான் இருக்கும். பாம்பன் பாலத்தின் மேல் அது நன்றாகவே தெரியும்.

நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் பாருங்கள். காணும் பொங்கலன்று மாமல்லபுரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. தை அமாவாசைக்கு இராமேஸ்வரத்தில் அறை கிடைக்காது, மகா சிவராத்திரிக்கும் அப்படியே. சென்னையிலிருந்து கிளம்பும் நாள் வார நாளாக இருக்கட்டும். சனி, ஞாயிறுகளில் மாமல்லபுரம் வரை கார்கள் பறக்கும்.

2. குழுவைச் சேருங்கள், பேச வேண்டியதைப் பேசிவிடுங்கள்

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். பத்தைத் தாண்டினால் டீக்கடையில் நிறுத்தி எழுப்புவதற்கே அரை மணி நேரம் போய்விடும். அதைவிடப் பெரிய குழுவாக இருந்தால் நாலைந்து பேராகப் பிரிந்து, இடையில் அரைக் கிலோமீட்டர் விட்டு ஓட்டுங்கள். பஸ் முந்திச் செல்ல இடைவெளி வேண்டும்.

புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே எல்லோரும் உட்கார்ந்து சில விஷயங்களைப் பேச வேண்டும். பொதுச் செலவுக்கு யார் பொறுப்பு? ஒருவர் பணம் வசூலித்து, அன்றன்று இரவே கணக்கு எழுதுவது நல்லது. நண்பர்களுக்குள் கணக்கு எதற்கு என்பவர்தான் கடைசியில் முறைத்துக்கொண்டு நிற்பார். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் கூட இருப்பது? வழியில் கோயில், கோட்டை, கடற்கரை பார்க்க எவ்வளவு நேரம்? குடிப்பழக்கம் உள்ளவர்கள் இருந்தால் அதையும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். இரண்டாம் இரவு புதுச்சேரியில். மூன்றாம் நாள் காலையில் பாதிக் குழு தலைவலியோடு எழுந்தால் அன்றைய திட்டம் அதோடு முடிந்தது.

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் குழுவில் இருவரிடமாவது சொல்லி வைக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களும், நெடுங்காலமாக உடற்பயிற்சி இல்லாதவர்களும் பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுவது முறை. ஒவ்வொருவரின் பையிலும் இரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண், உட்கொள்ளும் மருந்து ஆகியவை எழுதிய அட்டை இருக்கட்டும். கைப்பேசி பூட்டிக் கிடந்தால் அதற்குள் இருக்கும் விவரம் யாருக்கும் உதவாது.

3. நாள்வாரியாகத் தூரத்தைப் பிரியுங்கள்

சுமை ஏற்றிய சைக்கிளில் புதியவர் மணிக்கு 16 முதல் 18 கிலோமீட்டர் போவார். ஓய்வு, சாப்பாடு, பஞ்சர் எல்லாம் சேர்த்தால் மணிக்குப் 12 அல்லது 13தான். காலை ஆறேகாலுக்குக் கிளம்பினால் 80 கிலோமீட்டரைப் பகல் ஒரு மணி வாக்கில் முடிக்கலாம். இந்தக் கணக்கை வைத்து நான் பரிந்துரைக்கும் பிரிவு இது. தூரங்கள் ஏறத்தாழச் சொன்னவை, நீங்கள் தங்கும் இடத்தைப் பொறுத்துச் சற்று மாறும்.

முதல் நாள் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம், 50 கிலோமீட்டர். இரண்டாம் நாள் புதுச்சேரி, 95. மூன்றாம் நாள் சிதம்பரம், 65 முதல் 70. நான்காம் நாள் சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி, 95. ஐந்தாம் நாள் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை வழியாக அதிராம்பட்டினம், 80. ஆறாம் நாள் மணமேல்குடி, மீமிசல் வழியாகத் தொண்டி, 90. ஏழாம் நாள் இராமநாதபுரம், 50. எட்டாம் நாள் இராமேஸ்வரம், 55.

முதல் நாளே புதுச்சேரி வரை 150 கிலோமீட்டர் போய்விடலாம் என்று யாராவது சொல்வார்கள். அவரால் முடியும். அடுத்த நாள் உட்கார முடியாமல் போகப்போவது கடைசி ஆள். முதல் நாள் குறைந்த தூரம் வைப்பதற்கு வேறு காரணமும் உண்டு. கேரியர் ஆடுவது, பை உரசுவது, சீட் உயரம் சரியில்லாதது எல்லாம் அன்றைக்குத்தான் வெளிவரும். மாமல்லபுரத்தில் மதியமே இறங்கிவிட்டால் சரிசெய்ய நேரம் இருக்கும், சென்னையும் பக்கத்திலேயே இருக்கும்.

எட்டு நாள் பயணத்துக்கு ஒன்பது நாள் ஒதுக்குங்கள். உபரி நாளைச் சிதம்பரத்தில் செலவிடலாம். பிச்சாவரம் சதுப்புநிலக் காடு அருகில்தான்.

வழியைப் பற்றி மூன்று குறிப்புகள். கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பல பகுதிகளில் அகலப்படுத்தி வந்திருக்கிறார்கள். புறவழிச்சாலை வேகமானது என்று வரைபடம் காட்டும், ஆனால் அதில் டீக்கடையும் நிழலும் இருக்காது. ஊருக்குள் போகும் பழைய சாலையே சைக்கிளுக்கு ஏற்றது. கடலூரைத் தாண்டியதும் சிப்காட் பகுதியில் லாரிகள் அதிகம், அங்கே பேச்சை நிறுத்திவிட்டு ஒற்றை வரிசையில் போங்கள். நாகை, திருவாரூர் பக்கம் தை மாதம் சம்பா அறுவடை. சாலையின் ஓரத்தில் நெல் காயும், அறுவடை இயந்திரம் முழுச் சாலையையும் அடைத்துக்கொண்டு வரும், வைக்கோல் செயினில் சிக்கும். நெல்லின் மீது ஏற்றாதீர்கள். டயர் வழுக்கும் என்பது ஒரு காரணம், அது ஒருவருடைய ஆண்டு உழைப்பு என்பது இன்னொன்று.

அதிராம்பட்டினத்திலும் தொண்டியிலும் விடுதிகள் குறைவு. முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, சைக்கிளை உள்ளே வைக்க இடம் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். அதிராம்பட்டினத்தில் கிடைக்காவிட்டால் 12 கிலோமீட்டர் தள்ளிப் பட்டுக்கோட்டையில் கிடைக்கும்.

4. சைக்கிளைத் தயார் செய்யுங்கள்

புதிய சைக்கிள் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. கியர் உள்ள, உங்கள் உடலுக்குப் பொருந்தும் எந்தச் சைக்கிளும் இந்தச் சாலைக்குப் போதும். மெல்லிய பந்தய டயரை மட்டும் தவிர்த்து, 32 முதல் 40 மில்லிமீட்டர் அகலமுள்ளதைப் போடுங்கள்.

சீட் உயரம்தான் முதலில் பார்க்க வேண்டியது. சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கக்கூடும், பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கக்கூடும். ஒவ்வொரு முறையும் சில மில்லிமீட்டர் மட்டும் மாற்றிப் பார்த்து, சரியான இடத்தில் சீட் கம்பியின் மேல் டேப் ஒட்டி வையுங்கள்.

புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பு கடையில் கொடுத்து ஓவராயில் செய்துவிடுங்கள். சக்கரங்களில் கோட்டம் எடுக்கவும், தளர்ந்த கம்பிகளை இறுக்கவும், பிரேக் கட்டை, கேபிள், செயின் தேய்மானம் பார்க்கவும் சொல்லுங்கள். முதல் நாள் மாலை கொடுத்து மறுநாள் காலை கிளம்புவது கூடாது. புதுக் கேபிள் கொஞ்சம் தளரும், அதைத் திரும்ப இறுக்கச் சில நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பஞ்சர் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தொண்டி முதல் இராமநாதபுரம் வரை சாலையோரமெல்லாம் சீமைக் கருவேலம். அதன் முள் மண்ணில் கிடப்பது கண்ணுக்குத் தெரியாது, டயரில் ஏறிய பிறகுதான் தெரியும். நிற்க வேண்டுமானால் சைக்கிளை மண்ணில் தள்ளிக்கொண்டு போகாமல், தார் விரிந்திருக்கும் இடமாகப் பார்த்து, இல்லையென்றால் தூக்கிக்கொண்டு ஓரம் கட்டுங்கள். ஒவ்வொருவரும் தம் சக்கர அளவுக்கு ஏற்ற இரண்டு டியூப் வைத்திருக்க வேண்டும். கிராமத்துச் சைக்கிள் கடைகளில் பஞ்சர் ஒட்டித் தருவார்கள். ஆனால் அங்கே இருப்பது பெரும்பாலும் பழைய வகைச் சைக்கிளின் டியூப், கியர் சைக்கிளுக்குப் பொருந்துவது அரிது. அந்தக் கடைப் பம்பும் பழைய வால்வுக்கானது. உங்கள் வால்வு சன்னமான வகையாக இருந்தால், அதற்கான மாற்று மூடியும் கைப்பம்பும் கட்டாயம்.

பஞ்சரை மாற்றத் தெரியாதவர் குழுவில் ஒருவர்கூட இருக்கக் கூடாது. வீட்டு வாசலில் உட்கார்ந்து ஆளுக்கு மூன்று முறை சக்கரத்தைக் கழற்றி மாட்டுங்கள், அதிலும் பின்சக்கரத்தை. புது டியூப் போடும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் துழாவி முள்ளை எடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டுப் புது டியூபையும் குத்திக்கொள்பவர்கள் ஏராளம்.

குழுவுக்குப் பொதுவாக: செயின் வெட்டும் கருவி, இணைப்புக் கண்ணி, அறுகோணச் சாவிகள், ஒட்டுப் பொட்டலங்கள், செயின் எண்ணெய், பிரேக் கேபிள், பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகள், காப்பு டேப். இரண்டு பம்பு. எல்லாம் ஒருவரிடமே இருந்தால், அவர் எப்போதும் எங்கோ முன்னால் போய்க்கொண்டிருப்பார்.

5. உடம்பைப் பழக்குங்கள்

பத்து வாரம் வேண்டும். முதல் மூன்று வாரம் வாரத்தில் மூன்று நாள் 15 முதல் 20 கிலோமீட்டர், விடுமுறை நாளில் 30. அதன்பின் விடுமுறை நாள் தூரத்தை வாரத்துக்கு ஆறேழு கிலோமீட்டர் வீதம் கூட்டிக்கொண்டு போனால் கடைசியில் 70 அளவுக்கு வரும். கடைசி வாரம் லேசாக ஓட்டி ஓய்வெடுங்கள்.

ஒரு நாள் 80 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன் என்பதில் பெருமைப்படப் பெரிதாக ஒன்றும் இல்லை. மறுநாள் காலை அதே சீட்டில் மறுபடி உட்கார முடிகிறதா என்பதே கேள்வி. எட்டாவது, ஒன்பதாவது வாரங்களில் சனிக்கிழமை 60, ஞாயிற்றுக்கிழமை 50 என்று முழுச் சுமையோடு அடுத்தடுத்து ஓட்டுங்கள். இதை முழுக் குழுவாகச் செய்வது இன்னும் நல்லது. மாமல்லபுரம் போய் ஒரு இரவு தங்கித் திரும்பினால் யாருடைய வேகம் என்ன, யார் காலையில் எழமாட்டார், யாருக்குப் பசித்தால் கோபம் வரும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இந்த ஒத்திகைக்கு வர நேரமில்லை என்பவரை அன்போடு தவிர்த்துவிடுங்கள்.

உட்காரும் இடத்தில் புண் வருவதுதான் பெரும்பாலோரை வீழ்த்தும். மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டை இரண்டு வேண்டும். அதற்குள் உள்ளாடை அணியக் கூடாது, தையல்தான் தோலை அறுக்கும். உராயும் இடங்களில் வாசலின் அல்லது அதற்கான களிம்பு தடவுங்கள். தங்குமிடம் சேர்ந்ததும் முதல் வேலை குளியல், இரண்டாவது அந்தக் கால்சட்டையைத் துவைத்துக் காயப்போடுவது. கை மரத்துப்போனால் ஹேண்டில்பாரில் பிடியை அடிக்கடி மாற்றுங்கள்.

6. சுமையைக் குறையுங்கள்

முதுகுப் பை வேண்டாம். பின் கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகளில் இரு பக்கமும் சம எடையாக, மொத்தம் எட்டுக் கிலோவுக்குள் அடக்குங்கள். கனமானவை அடியில். உள்ளே பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் துணிகளை வையுங்கள். தையில்கூடக் கடற்கரையில் ஒரு மழை வந்துவிடும்.

ஓட்ட இரண்டு செட், மாலைக்கு ஒரு செட், ஒரு துண்டு அல்லது வேட்டி, செருப்பு, சோப்பு, சார்ஜர், மருந்து. துண்டு எப்படியும் சீக்கிரம் காய்ந்துவிடும், தடித்த டர்க்கி டவல் காயாது. ஜீன்ஸ் எடுத்து வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ஹெல்மெட், பின்பக்கச் சிவப்பு விளக்கு, முன்விளக்கு, பின்னால் பார்க்கும் சிறு கண்ணாடி ஆகிய நான்கிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பகலிலும் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கட்டும்.

7. சாலையில் குழு நடக்கும் விதம்

முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று இருவரை நியமியுங்கள். முன்னால் போகிறவர் வேகத்தைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கடைசியில் வருகிறவர் குழுவிலேயே வலுவானவராகவும், பஞ்சர் வேலை தெரிந்தவராகவும், எரிச்சல் படாதவராகவும் இருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. இந்தப் பொறுப்பை நாளுக்கு ஒருவராக மாற்றிக்கொள்ளுங்கள். வலுவானவர் ஒருவரே எட்டு நாளும் பின்னால் ஊர்ந்தால் அவருக்கும் பயணம் கசந்துவிடும்.

ஒற்றை வரிசை. இரண்டு சைக்கிள்களுக்கு நடுவே இரண்டு மூன்று சைக்கிள் நீளம் இடைவெளி. முன்னால் போகிறவர் "குழி", "மணல்", "நிறுத்துகிறேன்" என்று குரல் கொடுக்க, ஒவ்வொருவரும் அதைப் பின்னுக்குக் கடத்த வேண்டும். பாலங்களின் இணைப்பு இடைவெளியையும் ரயில் தண்டவாளத்தையும் நேராகக் கடந்து போங்கள், சாய்வாகப் போனால் சக்கரம் மாட்டிக்கொள்ளும்.

சாலை பிரியும் இடத்தில், பின்னால் வருபவர் உங்களைப் பார்க்கும் வரை நகராதீர்கள். ஒவ்வொருவரும் இதைச் செய்தால் யாரும் தொலைய மாட்டார்கள், வாட்ஸ்அப்பில் இருப்பிடம் அனுப்பிக்கொண்டிருக்கவும் வேண்டாம். 15 அல்லது 20 கிலோமீட்டருக்கு ஒருமுறை கூடுங்கள். அங்கே ஒரு விதியை எழுதியே வைத்துக்கொள்ளலாம்: ஓய்வு நேரம் கடைசி ஆள் வந்து இறங்கிய பிறகுதான் தொடங்கும். முன்னால் வந்தவர்கள் இருபது நிமிடம் டீ குடித்துக் கதை பேசிவிட்டு, அவர் தலை தெரிந்ததும் "கிளம்பலாமா?" என்று எழுந்தால், அதிக ஓய்வு தேவைப்படுகிறவருக்கு ஓய்வே கிடைப்பதில்லை.

நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நில்லுங்கள், பெரும்பாலான நாய்கள் ஆர்வம் இழந்துவிடும். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி தொடங்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 108, மற்ற அவசரங்களுக்கு 112. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது என்றாலும் இந்த எண்கள் அங்கும் செல்லும்.

கழிப்பறை விஷயத்தில் பெட்ரோல் பங்குகளை நம்பலாம். குழுவில் பெண்கள் இருந்தால் அடுத்த பங்கு எங்கே என்று முதல் நாள் இரவே வரைபடத்தில் குறித்து வையுங்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துச் சமாளிக்கும் நிலைக்கு அவர்களைத் தள்ளாதீர்கள்.

8. சாப்பாடும் தண்ணீரும்

கிளம்பும் முன் வாழைப்பழமும் காபியும். எட்டு மணிவாக்கில் இட்லி. நெய் மிதக்கும் பொங்கலும் பூரியும் நாவுக்கு நல்லது, அடுத்த இருபது கிலோமீட்டருக்கு நல்லதல்ல. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. சட்டைப் பையில் கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் வைத்துக்கொண்டு, பசி எடுக்கும் முன்பே கொறியுங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்துதான், இரத்தத்தில் உப்புக் குறைந்து தலைசுற்றும். உப்பிட்ட மோர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று மாற்றி மாற்றிக் குடியுங்கள். கரைசல் பொட்டலம் கைவசம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். மணமேல்குடிக்குத் தெற்கே கடைகள் தள்ளித் தள்ளி இருப்பதால் அன்று ஆளுக்கு இரண்டு லிட்டர் ஏற்றிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டை முழுச் சாப்பாடாகச் சேருமிடத்தில் வைத்துக்கொண்டால் தூக்கமும் வரும், தடையும் இல்லை.

9. போய்ச் சேர்ந்த பிறகு

இராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை 20 கிலோமீட்டர். 1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடி வழியில்தான் இருக்கிறது. இறுதிவரை நல்ல சாலை உண்டு, நிழல் கிடையாது. சுமையை அறையில் விட்டுவிட்டு விடியற்காலையில் போய், வெயில் ஏறுமுன் திரும்புங்கள்.

புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டதால் மீண்டும் இராமேஸ்வரத்திலிருந்தே சென்னைக்கு ரயில் ஏறலாம். சைக்கிளைப் பெட்டிக்குள் எடுத்துப்போக விடமாட்டார்கள், பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து சரக்குப் பெட்டியில் ஏற்ற வேண்டும். உங்கள் ரயிலில் சைக்கிள் ஏற்றுவார்களா, எத்தனை ஏற்றுவார்கள் என்பதைப் பயணத்தின் முந்தைய நாளே நேரில் போய்க் கேளுங்கள், எட்டுச் சைக்கிள் என்றால் அவர்களும் இடம் பார்க்க வேண்டும். பெடல்களைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, கியர் பகுதியைப் பழைய அட்டையால் சுற்றிக் கட்டுங்கள். விளக்கு, பம்பு, தண்ணீர் பாட்டில் எதையும் அதில் விட்டுவைக்காதீர்கள். பெயர், கைப்பேசி எண், சேரும் நிலையம் எழுதிய அட்டையைச் சட்டத்தில் இரண்டு இடத்தில் கட்டி, பார்சல் ரசீதைப் படம் எடுத்துக் குழு முழுவதற்கும் அனுப்பிவிடுங்கள். எழும்பூரிலோ தாம்பரத்திலோ இறங்கியதும் சைக்கிளை எடுக்க மூல ரசீதைக் கேட்பார்கள்.